குழந்தையும் பழைய ஆட்டமும்

விளையாட்டைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குதல் பெரியோர்தம் வழக்கம். ஆயின் நம் தமிழ்மொழியோ சிறுபிள்ளையின் பொருட்டே ஓர் இலக்கிய வகையைப் படைத்து வைத்திருக்கின்றது. பிள்ளைத்தமிழின் பருவங்களுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர், அம்மானை, ஊசல் என்பன யாவும் விளையாட்டின் பெயர்களே. அம்புலிப் பருவத்திலோ வானத்து மதியையே குழந்தையோடு ஆட வரும்படி சாம பேத தான தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் புலவர் அழைப்பர். குழந்தைக்கு ஆட்டத்துணை தேடித் தருதல் பெரியோர் கடன் என்பதை இதனினும் அழகாகச் சொல்லுதல் அரிது. எம் ஊராகிய காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலும், ஏறிச் செல்லுதற்கு ஆகாத அழகிய சிறுதேரை உருட்டி நடந்து இளைத்து, பின் செவிலியரிடம் பாலுண்டு உறங்கும் சிறுவரைக் காண்கின்றோம்.

அந்தச் சிறுதேர் இன்று கையகலக் கண்ணாடிப் பலகையாய் மாறிவிட்டது. நடைபழகும் முன்னரே குழந்தை கைபேசியைக் கேட்டு அழுகின்றது. சோறூட்டும் தாயும் வேறு வழியின்றிக் கொடுத்துவிடுகின்றாள். இதனைக் கண்டு வருந்தி எழுதியோர் பலர். யாம் ஈண்டு வருந்துதற்கு வரவில்லை. சிறு வயதில் யாம் விரும்பி ஆடிய பழைய வீடியோ விளையாட்டு ஒன்றனை ஒரு குழந்தையோடு பகிர்ந்துகொள்ள முயன்றோம், முதலில் தோற்றோம், பின்னர் ஒருவாறு கற்றுக்கொண்டோம். அச்செய்தியை மாணவ அன்பர் முன் வைத்து, அதன்மேல் எம் கருத்தையும் கூற விழைகின்றோம்.

அவ்விளையாட்டு, நம்மவர் 'பாம்பு கேம்' என்று செல்லமாய் அழைக்கும் பாம்பாட்டமே. 1976ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கிரெம்லின் நிறுவனம் வெளியிட்ட, காசு போட்டு ஆடும் பெட்டியாகிய 'பிளாக்கேடு' என்பது இதன் மூதாதை. பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனத்துப் பொறியாளர் டனெலி அர்மான்டோ என்பார் 1997இல் 6110 என்னும் கைபேசிக்கென இதனை அமைத்தார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 3310 என்னும் கைபேசியில் இதன் இரண்டாம் வடிவம் இடம்பெற்றது. அக்கைபேசியின் திரை அகலத்தில் 84, உயரத்தில் 48, ஆக 4,032 புள்ளிகளே உடையது. அதனுள் ஒரு பாம்பு. அதற்கு ஓர் இரை. உண்ணுந்தோறும் பாம்பு நீளும். நீண்ட தன் உடலைத் தானே தீண்டினால் ஆட்டம் முடியும். இவ்வளவே அதன் இலக்கணம். எம் மாவட்டத்துத் திருப்பெரும்புதூரிலேயே அந்நிறுவனத்தின் கைபேசித் தொழிற்சாலை ஒன்று 2006 முதல் 2014 வரை இயங்கிற்று. ஆதலின் காஞ்சி வட்டாரத்தார்க்கு இவ்வாட்டம் கடல் கடந்து வந்த பொருளாக ஒருநாளும் தோன்றியதில்லை.

எம் இல்லம் நெசவாளர் மிக்க பிள்ளையார்பாளையத்தில் உளது. மின்வெட்டு மிகுந்திருந்த 2012ஆம் ஆண்டளவில் எமக்கு ஐந்தாறு வயது இருக்கும். இரவில் விளக்கணைந்ததும் எம் தாய்மாமன் திண்ணையில் வந்தமர்ந்து தம் பழைய 3310ஐ எடுப்பார். இலேசான பச்சை ஒளி அவர் முகத்தில் பரவும். எம்மை அருகிருத்தி, 2 மேலே, 8 கீழே, 4 இடப்புறம், 6 வலப்புறம் என்று கற்பித்தவர் அவரே. அந்நாளில் யாம் பெற்ற புள்ளிகளுள் ஒன்றேனும் இன்று எம் நினைவில் இல்லை. விளக்கின்மையால் தறியோசை நின்றுபோன தெருவின் அமைதியும், கொசுவை விரட்டிய அவர் துண்டும், யாம் தோற்றபோது அவர் சிரித்த சிரிப்புமே நினைவில் நிற்கின்றன.

சென்ற கோடை விடுமுறைக்கு ஊர் சென்றபோது அக்கைபேசியைப் பீரோவின் அடித்தட்டில் கண்டெடுத்தோம். காந்தி சாலையருகே ஒரு பழுதுபார்க்கும் கடையில் பேட்டரியை மாற்றியதும் அது உயிர்பெற்றது. எம் தமக்கையின் மகளுக்கு வயது ஆறு. அத்தி வரதர் திருக்குளத்தினின்றும் எழுந்தருளி நாற்பத்தெட்டு நாள் காட்சி தந்த 2019ஆம் ஆண்டிற் பிறந்தவள் என்றே எம் தெருவார் அவள் வயதைக் கணக்கிடுவர். அவளிடம் அதனைப் பெருமிதத்தோடு நீட்டினோம். அவள் வாங்கியதும் திரையை விரலால் தடவினாள். ஒன்றும் அசையவில்லை. "சித்தி, இது ரிப்பேர்" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

பொத்தான்களை அழுத்திக் காட்டினோம். அவள் ஆட, பாம்பு இருமுறை மடிந்தது. "அப்படியன்று, இப்படி" என்று அவள் கையினின்றும் வாங்கி யாமே ஆடிக் காட்டத் தொடங்கினோம். நெடுநாளைக்குப் பின் ஆடுகின்றோம் அல்லவா? பாம்பு நன்றாய் வளர்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது கால்மணி நேரம் கழிந்திருந்தது. அருகே குழந்தை இல்லை. அவள் தன் தாயின் கைபேசியோடு கட்டிலின்மேல் குப்புறக் கிடந்தாள். அன்று எமக்கு உண்டானது சினம். மறுநாள் உண்டானது நாணம். பகிர்ந்துகொள்ளப் புகுந்த யாம், எம் இளமையை யாமே எடுத்து ஆடிவிட்டு எழுந்தோம் என்பது அப்பொழுதே விளங்கிற்று.

இரண்டு நாள் கழித்து மீண்டும் முயன்றோம். இம்முறை கைபேசியை அவள் கையிற் கொடுத்துவிட்டு, வாய் திறப்பதில்லை என்று உறுதி பூண்டு திண்ணையில் அருகமர்ந்தோம். சிறிது நேரத்தில் ஒரு விந்தையைக் கண்டோம். அவள் பாம்பை இரையின் பக்கம் விடவேயில்லை. இரையைச் சுற்றிச் சுற்றி விலக்கிச் செலுத்திக்கொண்டேயிருந்தாள். பொறுக்கமாட்டாமல், ஏன் உண்ணவிடவில்லை என்று வினவினோம். "தின்றால் பெரிதாகும், பெரிதானால் செத்துப்போகும், சித்தி. சின்னதாகவே இருக்கட்டும்" என்றாள்.

இவ்வாட்டத்தை இத்தனை ஆண்டுகளாய் ஆடியும் எமக்கு அவ்வாறு தோன்றியதில்லை. புள்ளி சேர்ப்பதே ஆட்டம் என்று யாம் கருதியிருந்தோம். பாம்பைக் காப்பதே ஆட்டம் என்று அவள் கண்டாள். திருத்த வேண்டும் என்று நாவின் நுனிவரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டோம். அச்சொல்லை அன்று விழுங்கியதைப் பெரும்பேறாகவே கருதுகின்றோம். ஏனெனில் அவ்வாட்டம் அக்கணத்தில்தான் எம்முடையதாயிருந்து அவளுடையதாயிற்று.

அவ்வேளையில் தறிக்குழியை விட்டெழுந்து வந்த எதிர்வீட்டுப் பெரியவர், அவளுக்கு மறுபுறம் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை மேலேற்றித் திரையை உற்றுநோக்கினார். பின், "இது நம் கிராஃப் தாள் அல்லவா, அம்மா!" என்று வியந்தார். அவர் கூற்று முற்றிலும் உண்மை. பட்டுச் சேலையின் கரையிலும் முந்தியிலும் மயிலோ யாளியோ கோபுரமோ எழ வேண்டுமாயின், முதலில் அவ்வுருவைக் கட்டமிட்ட தாளில் வரைவர். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் கூடும் ஓர் இடத்தைக் குறிக்கும். நிரப்பிய கட்டத்திற்கு ஏற்ப அட்டையில் துளையிடுவர்; துளையுள்ள இடத்தில் தறியின்மேலுள்ள ஜக்கார்டு பெட்டி பாவிழையைத் தூக்கும். கட்டம் உண்டு அல்லது இல்லை. புள்ளி எரியும் அல்லது அணையும். கைபேசித் திரையின் பாம்பும் சேலைக் கரையின் மயிலும் இவ்வகையில் உடன்பிறப்புகளே. பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் அமைத்த இத்துளையட்டை முறையைக் கண்டே, இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்திற்குத் துளையட்டைகளைக் கொண்டார். அப்பொறி, தறி பூவும் இலையும் நெய்வதுபோல் இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்ற கருத்தை ஏடா லவ்லேசு அம்மையார் 1843இல் எழுதிவைத்தார். எம் எதிர்வீட்டுப் பெரியவர் அவற்றையெல்லாம் கற்றவரல்லர். ஆயினும் ஒரு நொடியில் உறவைக் கண்டுகொண்டார்.

அவர் அங்கே அமர்ந்தபின் கூறிய ஒரு செய்தியே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை நெசவில் உளது என்பதை அன்பர் அறிவர். சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாய் நிற்க, உடலையும் கரையையும் இழைக்கு இழை பின்னிச் சேர்ப்பதே கோர்வை. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருபுறத்துக் கரையின் நாடாவை எறியத் தறியருகே ஒரு துணையாளும் வேண்டும். முற்காலத்தில் அத்துணையாள் பெரும்பாலும் ஒரு சிறுபிள்ளையே. எழுபதைக் கடந்த அப்பெரியவர், தாம் ஏழாம் வயதில் அவ்வாறு அமர்த்தப்பட்டதாகவும், தெருவில் பிள்ளைகள் கோலி ஆடும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நாடா எறிந்ததாகவும், கவனம் சிதறியபோதெல்லாம் தலையில் குட்டு விழுந்ததாகவும் புன்னகையோடு கூறினார். தமக்கு ஆட்டம் ஒன்றும் தெரியாது என்றார். உடனே எம் சிறுமி அவர் கையில் கைபேசியை வைத்து, பொத்தான்களைக் காட்டி, இரையின் பக்கம் போகாமல் பாம்பைக் காக்கும் வித்தையைக் கற்பிக்கலானாள். நாடா எறிந்து காய்த்த அவர் கட்டைவிரல் அச்சிறு பொத்தான்களில் தடுமாறிற்று. பாம்பு மடிந்தபோதெல்லாம் சிறுமி சினக்கவில்லை. "பரவாயில்லை தாத்தா, இன்னொன்று வரும்" என்றாள்.

அதைக் கேட்டு எம் நெஞ்சு சுட்டது. இரண்டு நாளைக்கு முன் அவள் தோற்றபோது யாம் அவ்வாறு சொல்லவில்லை அல்லவா?

இனி எம் கருத்தைக் கூறுவோம். குழந்தையோடு பழைய ஆட்டத்தைப் பகிர்தற்கு அருகே அமர்தல் முதற்கண் வேண்டும். ஆயின் அருகே அமர்தல் மட்டும் போதாது. எம் ஊர்த் தறிகளிலும் குழந்தை பெரியவர் அருகேதான் அமர்ந்தது. அங்கே பெரியவரின் கோலத்தைப் பிழையின்றி நெய்தலே அதன் கடமையாயிருந்தது. குழந்தைத் தொழிலைத் தடுக்க 1986இலும், பதினான்கு வயதிற்குட்பட்டோரை வேலைக்கமர்த்துதலைப் பெரிதும் விலக்க 2016இலும் சட்டங்கள் வந்தன. தறியருகே நிகழ்ந்த அப்பிழையை விளையாட்டிலும் நாம் செய்தல் கூடும். நாம் விரும்பியதை நாம் விரும்பியவாறே குழந்தையும் விரும்ப வேண்டும் என்று வற்புறுத்துவோமாயின், நம் இளமை நினைவு என்னும் சேலைக்குக் கரை நெய்ய மற்றொரு துணையாளை அமர்த்துகின்றோம் என்பதே பொருள். ஆதலின் அருகமர்ந்தபின் ஆட்டத்தைக் குழந்தையின் கையில் முற்றிலும் விட்டுவிடுதலும் வேண்டும். அது தோற்கட்டும், விதியை மாற்றட்டும், சலித்து எழுந்து ஓடினும் ஓடட்டும்.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். திரை எதுவாயினும் திரையே. பழையது என்பதால் நஞ்சு அமுதாகுமா என்பர் சிலர். இம்மறுப்பில் நியாயம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிகளின்படி, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே ஆகாது; இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது. விளையாட்டுக்கு அடிமையாதலை நோய் வகையுள் சேர்த்த அந்நிறுவனத்தின் பட்டியலும் 2022 ஜனவரி முதல் நடப்பில் உளது. யாமும் எம் சிறுமிக்கு மாலையில் அரைமணி நேரமே அளித்தோம். ஆயின் அன்பர்காள், குழந்தை இன்று திரையின்றி இருந்து யாம் புதிதாய்த் திரையைப் புகுத்தினோமில்லை. அது முன்னமே திரையோடு உளது, தன்னந்தனியாய் உளது. அத்தனிமையையே யாம் அஞ்சுகின்றோம்.

பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலியும் இருக்க இது எதற்கு என்பர் வேறு சிலர். இதற்கு எம் திண்ணையே விடை கூறிற்று. அதே 3310இல் 'பன்டுமி' என்றோர் ஆட்டம் உண்டு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் குழிகளில் காய் பரப்பி ஆடும் மான்கலா இனத்தைச் சேர்ந்தது அது. பெரியவரின் மனைவியார் அதனை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துக்கு ஆறு குழியே உள்ளமை கண்டு, "ஏழாவது குழியை எங்கே தொலைத்தீர்கள்?" என்று கேட்டார். மறுநாள் மாலை அவர் வீட்டுப் பரணினின்றும் பதினான்கு குழியுடைய பல்லாங்குழிப் பலகை இறங்கிற்று, புளியங்கொட்டையும் வந்தது. அந்த வாரத்தில் கைபேசி பெரும்பாலும் மாடத்திலேயே கிடந்தது. பழைய ஆட்டம் ஒன்று அதனினும் பழைய ஆட்டத்தைக் கைப்பிடித்து அழைத்து வந்தமையை யாம் எதிர்பார்த்தோமில்லை.

பழமை ஒன்றே சிறப்பென்று யாம் சாதிக்கவில்லை. பாம்பாட்டத்தின் மூதாதையே காசு விழுங்கும் பெட்டியாய்ப் பிறந்தது என்று மேலே கூறினோம். இக்காலத்து விளையாட்டுகளுள் அழகும் அறிவும் நிறைந்தன பல உள. ஆயினும் 3310இன் பாம்புக்குச் சில நற்குணங்கள் உண்டு. அது முடியும், முடிந்தபின் மீண்டும் வா என்று மணியடித்து அழைக்காது, பொன்னும் மணியும் வாங்கு என்று தந்தையின் பணப்பையைக் காட்டாது, குழந்தை எதை விரும்பியது என்று யாருக்கும் ஒற்றுச் சொல்லாது. குழந்தைக்குரிய ஆட்டத்தைத் தெரிவு செய்யும்போது இந்நான்கையும் உரைகல்லாகக் கொள்ளலாம்.

பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளால் குடிகெட்டோர் பலராதலின், இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றிற்று. இவற்றை வரவேற்கின்றோம். ஆயின் சட்டம் பணப்பையைக் காக்கும். குழந்தையின் பக்கத்தில் யார் அமர்வது என்பதை எச்சட்டமும் விதித்தல் இயலாது. அது நம் கையில் உளது.

எம் வேதாகமத்தில் சகரியா தீர்க்கதரிசி, மீண்டெழப்போகும் எருசலேமைக் கண்டு உரைக்கும் இடம் ஒன்று உண்டு. அந்நகரின் செழிப்புக்கு அடையாளமாக அவர் மதிலையோ கருவூலத்தையோ காட்டவில்லை. முதுமையால் கோலூன்றிய கிழவரும் கிழவியரும் தெருக்களில் அமர்ந்திருப்பதையும், அத்தெருக்களிலேயே சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையும் காட்டினார். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் அதனைக் கேட்டபோது, முதியோர் ஒருபுறம், சிறார் ஒருபுறம் என்று எம் மனக்கண்ணில் ஓவியம் எழுதிக்கொண்டோம். பிள்ளையார்பாளையத்துத் திண்ணையில் அப்பெரியவரும் எம் சிறுமியும் ஒரே கைபேசியின்மேல் தலை கவிழ்ந்திருந்ததைக் கண்டபின், அவ்வோவியத்தைத் திருத்தி வரைந்துகொண்டோம்.

மாணவ நண்பர்காள்! நம்முள் பலர் விடுதியில் வாழ்கின்றோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டிலுள்ள சிறு குழந்தை நம் முழங்காலைக் கட்டிக்கொள்ளும். நாமோ அதன் கையில் ஒரு திரையைக் கொடுத்து, மற்றொரு திரையோடு நாம் தனியே அமர்கின்றோம். அடுத்த விடுமுறையிலாவது நம் பழைய ஆட்டம் ஒன்றைத் தேடி எடுப்போமாக. அது கைபேசிப் பாம்பாயினும் ஆகுக, புளியங்கொட்டையாயினும் ஆகுக. குழந்தையின் கையில் அதனைக் கொடுத்து அருகமர்வோம். திருத்தவரும் சொல்லை ஒருமுறை விழுங்குவோம். இயன்றால் எதிர்வீட்டு முதியவரையும் அழைப்போம். சிறுமிக்கு ஆட்டம் கற்பிக்கச் சென்ற எமக்கு அவள் கற்பித்தது பெரிது. உங்கள் வீட்டுக் குழந்தையும் ஏதேனும் ஒன்று கற்பிக்கக் காத்திருக்கும்.